சுக்கானில் ஊற்றிய தண்ணீர்

கோமதித்தாயிடம் பேசும்போது 'பாறை மாதிரி' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சுவரைச் சொன்னாலும் சரி, தரையைச் சொன்னாலும் சரி, அவள் முகம் கறுத்துவிடும். அந்தச் சொல்லை நம்பித்தான் அவள் அப்பா கிணற்றுக்குள் இறங்கினார்.

அப்பா பேர் கருத்தப்பாண்டி. இளையரசனேந்தல் பக்கம் வானம் பார்த்த காட்டூர். அண்ணன் தம்பி இரண்டு பேர், இரண்டு பேருக்கும் கிணறு வெட்டுதான் தொழில். மூத்தவர் ராயகிரியில் பெண் கட்டி அங்கேயே ஊன்றிக்கொண்டார். அவருடைய கடைசி மகன் தங்கப்பழம் இந்தக் கதையில் பின்னால் வருவான். இளையவர் கருத்தப்பாண்டிக்கு ஒரே மகள், கோமதித்தாய்.

அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் ஆள் மட்டத்துக்குக் கீழே சுக்கான் கிடக்கும். மண்ணும் சரளையும் சுண்ணாம்புச் சத்தில் ஒட்டிப்பிடித்து, வெள்ளை வெள்ளையாய்க் கட்டிதட்டிப் போன படுகை அது. காய்ந்து கிடக்கும்போது கடப்பாரை முனை மழுங்கும், பொறி பறக்கும். ஒரு ஐப்பசியில் அந்தச் சுக்கானை உடைத்துத் தாண்டி, அதற்கும் கீழே மஞ்சள் மண்ணில் கருத்தப்பாண்டி வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் இறங்க யோசித்தார். தோட்டக்காரர் மேலே நின்றுகொண்டு, "அதான் பாறை மாதிரி நிக்கே, இறங்கும்வே" என்றார். இறங்கினார். மத்தியானம், தலைக்கு மேலே இருந்த சுக்கான் ஒரே பலகையாகப் பெயர்ந்து விழுந்தது. கஞ்சித் தூக்குச்சட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்த கோமதித்தாய்க்கு அப்போது பதினோரு வயது.

துட்டி விசாரிக்க வந்த தோட்டக்காரர், பாறை மாதிரியல்லவா இருந்தது, பாறை மாதிரியல்லவா இருந்தது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை அழவில்லை. நேரே போய் அவர் கையிலிருந்த கடுங்காப்பி டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டியது. பெரிய மனுசரிடம் இப்படியா என்று அம்மா அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டு மறுபடியும் அவரையே முறைத்துக்கொண்டு நின்றது.

அன்றைக்குப் பிடித்த கோபம். கல்யாணமானால் தணிந்துவிடும் என்றார்கள். பிள்ளை பெற்றால் தணியும் என்றார்கள். ஒன்றும் தணியவில்லை. அவளைக் கட்டியவர் பனையடிவலசை சண்முகையா. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர். இருபத்தெட்டு வருசத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி மந்தம். ஆண்டவன் பார்த்து அமைத்துக் கொடுத்த ஜோடி என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஒரு தடவை நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை, அடுத்த பஸ் பிடித்துச் சங்கரன்கோவில் ஸ்டாண்டு வரை துரத்திப் போய், டீக்கடையில் நின்ற டிரைவரைக் கண்டுபிடித்துத் திட்டிவிட்டு, வந்த வேலையைப் பார்க்காமலே ஊர் திரும்பினாள். என்ன வேலையாகப் போனாள் என்று கேட்டதற்கு, அதுதான் மறந்துபோச்சு என்றாள்.

மண் பரிசோதனை வேலைக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தத் தங்கப்பழம்தான். ஊர் ஊருக்குக் கிணறு வெட்டு நின்றுபோன பிறகு அவன் திருநெல்வேலியிலிருந்து வரும் ஒரு கம்பெனியில், கயிற்றைச் சுற்றிப் பாரம் தூக்குகிற விஞ்சு ஓட்டப் போனான். கட்டிடம், பாலம், தொட்டி எது கட்டினாலும் முதலில் மண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிற கம்பெனி. மூன்று கால் நாட்டி, அறுபத்து மூன்றரைக் கிலோ சுத்தியலை இரண்டரை அடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஒரு குழாய் மேல் விழவிட்டு, குழாய் ஒரு அடி ஆழம் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். இது ஒரு சோதனை. அதற்கு ஆண்கள் போதும்.

இன்னொரு சோதனைக்குப் பெண்கள் வேண்டும். அஸ்திவாரம் வரப்போகிற ஆழத்துக்குக் குழி எடுத்து, குழிக்கு அடியில் ஒரு அடிச் சதுர இரும்புத் தட்டை வைத்து, அதன் மேல் ஒரு தூணை நிறுத்தி, தூணின் தலையில் ஒரு மேடை கட்டி, மேடையில் மண்மூட்டையை அடுக்கிக்கொண்டே போவார்கள். பத்து மூட்டை ஏற்றினால் கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். தட்டு எத்தனை மில்லிமீட்டர் தணிந்தது என்று கடிகாரம் மாதிரி ஒரு டயல் காட்டும். அப்புறம் அடுத்த பத்து. அந்த மூட்டைகளைப் பிடித்துக் கட்டி ஏற்றுகிற ஏழு பெண்களுக்குக் கோமதித்தாய்தான் தலைவி. ஒவ்வொரு மூட்டையும் நாற்பது கிலோ. தொங்கு தராசில் நிறுத்துப் பார்க்காமல் ஒன்றையும் மேடைக்கு விடமாட்டாள். ஒரு கைப்பிடி கூடினாலும் அவிழ்த்துக் கொட்டச் சொல்வாள். ஏட்டி, நீ என்ன மகளுக்கு நகை நிறுக்கியா என்று ராஜகுமாரி என்கிற கூட்டாளிக்காரி கிண்டலடிப்பாள். தப்பான எடையை ஏற்றிவிட்டு மண்ணைக் குறை சொன்னால் மண்ணுக்கு வாய் இருக்கா என்பது இவள் பதில்.

இப்படி ஒன்பது வருசம் ஊரான் ஊர் மண்ணையெல்லாம் சோதித்தவளுக்கு, இந்தப் பங்குனியில் சொந்த ஊர் மண்ணைச் சோதிக்க வேண்டி வந்தது. பனையடிவலசையில் ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி கட்டப்போகிறார்கள். இடம், பால்வாடிக்குக் கிழக்கே, சுவரிலிருந்து இருபதடி. அந்தப் பால்வாடியில் டீச்சராக இருப்பது கோமதித்தாயின் மகள் பொன்செல்வி. இருபத்திரண்டு பிள்ளைகள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்தக் கிழக்குச் சுவரோரம்தான் பாய் போட்டுத் தூங்கும்.

கம்பெனியிலிருந்து வந்த என்ஜினீயர் கைலாஷ். வயது இருபத்தாறு. ஒன்றும் அயலான் இல்லை, சங்கரன்கோவில் பிள்ளைதான். தாத்தா வைத்தியலிங்கம் கோயில் ஆபீசில் எழுத்தராக இருந்தவர். அம்மா காந்திமதியம்மாள், வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத மனுசி. பையனும் நல்ல பையன். பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான், அக்கா என்பான். அவனிடம் இருந்த ஒரே குறை, புத்தகத்தில் இல்லாத மண்ணை அவன் பார்த்ததில்லை.

முதல் நாள் சுத்தியல் சோதனை. ஐந்தடி வரை செம்மண் கடகடவென்று வழிவிட்டது. அதற்குக் கீழே சுக்கான் தட்டியது. ஐம்பது அடி அடித்தும் குழாய் இரண்டு விரற்கடைதான் இறங்கிற்று. கைலாஷ் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். ஐம்பது அடி அடித்தும் இறங்காவிட்டால் 'மறுப்பு', அதாவது இதற்கு மேல் இறங்காத கெட்டி மண், என்று எழுதி முடித்துவிடலாம், அதுதான் விதி என்றான்.

கோமதித்தாய் மூட்டை கட்டுவதை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். இது மறுப்பு இல்லை, இந்தச் சுக்கான் இரண்டு முழக் கனம்தான் இருக்கும், அதை உடைத்து விட்டுக் கீழே அடித்துப் பாருங்கள், மஞ்சள் மண் வரும் என்று சொன்னாள். தங்கப்பழம் விஞ்சைத் துடைத்துக்கொண்டே, சார் படிச்சவரா நீ படிச்சவளா என்று கேட்டான். கைலாஷ் சிரித்துக்கொண்டு, தட்டுச் சோதனை இருக்கிறதே அக்கா, அதில் தெரிந்துவிடும் என்றான். எவ்வளவு தாங்கும் என்பது பலம், தாங்கும்போது எவ்வளவு தணியும் என்பது விறைப்பு, இரண்டையும் அந்தத் தட்டு சொல்லிவிடும் என்று பொறுமையாக விளக்கினான். அவளுக்கும் அது நியாயமாகப் பட்டது.

தப்பு அவள் பேரில்தான் நடந்தது. அதை மறைப்பதற்கில்லை. குழிக்கு அடியைத் தட்டு உட்காருகிற மாதிரிச் சமமாகச் செதுக்குவது அவள் பொறுப்பு. காய்ந்த சுக்கானில் மம்பட்டி ஏறாது. கிணறு வெட்டுகிற வீட்டில் பிறந்தவள் கை என்ன செய்யும்? சாயங்காலம் நாலு குடம் தண்ணீரை ஊற்றி, மேலே நனைத்த சாக்கை விரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் மம்பட்டியால் இழுத்தால் வழுவழுவென்று வரும். அவள் அப்பா அப்படித்தான் செய்வார். அவர்கள் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சோதனை நினைப்பே அவளுக்கு இல்லை, கை பாட்டுக்குச் செய்தது. இத்தனை வருசத்தில் சுக்கான் மேல் தட்டு வைத்ததும் அதுதான் முதல் தடவை.

மறுநாள் முப்பதாவது மூட்டைக்கு டயல் முள் ஓட ஆரம்பித்தது. நாற்பதாவது மூட்டைக்குத் தட்டு ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. கைலாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. குழிக்குள் குனிந்து பார்த்தான். ஓரத்தில் ஈரச் சாக்கு கிடந்தது. யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டான். கோமதித்தாய் நான்தான் என்றாள். அவ்வளவு மரியாதையான பையன் அன்றைக்குக் கத்திவிட்டான். சோதனையே நாசம், இரண்டு நாள் உழைப்பு நாசம், இயற்கையான மண்ணை முட்டாள்தனமாகக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஏழு பெண்களுக்கு முன்னால் சொன்னான்.

அவள் பதில் பேசவில்லை. ராஜகுமாரிக்கே பயம் வந்துவிட்டது. கோமதித்தாய் தலையைக் குனிந்து நின்று ஊர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பொன்செல்வி பால்வாடியைப் பூட்டிவிட்டு வந்து, என்னம்மா, தொட்டி வருமா வராதா என்று கேட்டாள். வரும், நான்தான் மண்ணைக் கெடுத்துவிட்டேன், நாளைக்கு வேறு குழி எடுத்துக் காய்ந்தபடி சோதிப்பார்களாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்தினாள்.  நாலு குடம் தண்ணீரில் கெட்டுப்போகிற மண் என்ன மண்? நாலு குடத்தில் ஒரு அங்குலம் இறங்கியது, ஐப்பசி கார்த்திகையில் எத்தனை இறங்கும்? மேலே ஒரு லட்சம் லிட்டரை வைத்துக்கொண்டு குழாய் ஒழுகினால் எத்தனை இறங்கும்? காய்ந்தபடி சோதித்து, பலம் இருக்கிறது, விறைப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பையன் திருநெல்வேலிக்குப் போய்விடுவான். சுவரோரம் பாய் போட்டுப் படுக்கிறது இங்கே உள்ள பிள்ளைகள்.

காலையில் தலை குனிந்திருந்த கோபம் சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது. சண்முகையா தறியிலிருந்து வந்ததும் அவரிடம் ஒரு பாட்டம் கத்தினாள். பாவம், அவர் என்ன செய்வார், சோற்றைப் போடு என்றார்.

விடிந்ததும் இரண்டாவது குழி எடுத்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் உளி வைத்துச் செதுக்கினார்கள். தட்டு வைத்து, தூண் நிறுத்தி, மேடையும் கட்டியாகிவிட்டது. மூட்டை ஏற்ற வேண்டிய நேரத்தில் கோமதித்தாய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். மற்ற ஆறு பேரும் அவளைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"தம்பி, நனைச்சும் ஒரு தடவை பாரும். அப்பத்தான் மூட்டை ஏறும்" என்றாள்.

"அக்கா, இயற்கையா இருக்கிற ஈரத்துலதான் சோதிக்கணும். அதான் முறை."

"எந்த ஈரம்? பங்குனி மாச ஈரமா, ஐப்பசி மாச ஈரமா?"

"நான் வந்தது பங்குனியிலதான அக்கா."

"மழை பெஞ்சா நீரு வந்து இந்தத் தொட்டிக்குக் குடை பிடிப்பீரா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். கைலாஷ் முகம் சிவந்து போய்விட்டது. தள்ளிப் போய் ஆபீசுக்குப் போன் பேசினான். ஆபீசில் என்ன சொன்னார்களோ, வந்து தங்கப்பழத்திடம் வேறு ஆள் கிடைக்குமா என்று கேட்டான். தங்கப்பழம் கோமதித்தாயைப் பார்த்துக்கொண்டே, ராயகிரியில் ஒரு போன் போட்டால் பத்துப் பேர் வருவார்கள் என்றான். அப்புறம் அவளிடம் வந்து தணிந்த குரலில், ஏட்டி, உனக்கும் வேலை போகும், உன்னைக் கூட்டி வந்த பாவத்துக்கு எனக்கும் போகும், எங்க சித்தப்பன் செத்ததுக்கு இந்தப் பையன் என்ன செய்வான் என்றான்.

அந்தப் பேச்சு அவளைச் சுட்டது.  எழுந்து, சேலையை இடுப்பில் வரிந்து சொருகி, ஏத்துங்கட்டி என்றாள். என்ன இவள் இவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட்டாள் என்று எல்லாருக்கும் ஆச்சரியம்.

பத்துப் பத்தாக எழுபது மூட்டை ஏறியது. ஒவ்வொன்றையும் அவளே தராசில் பார்த்து ஏற்றினாள். எழுபதுக்கும் சேர்த்துத் தட்டு தணிந்தது வெறும் இரண்டு மில்லிமீட்டர். முள் அதற்கு மேல் அசையவே இல்லை. கைலாஷுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆபீசுக்குக் காட்டுவதற்காகப் போனை எடுத்து டயலையும் மேடையையும் வீடியோ பிடித்தான். பிடித்துக்கொண்டே திரும்பி, "பாத்தீங்களாக்கா? பாறை மாதிரி நிக்கு" என்றான்.

அவனுக்கு என்ன தெரியும்.

 கோமதித்தாய் பெண்களைப் பார்த்து எல்லாரும் வேலிக்கு அந்தப் பக்கம் போங்க என்றாள். குரலைக் கேட்டதும் போய்விட்டார்கள். விஞ்சுப் பக்கத்தில் நின்ற தங்கப்பழத்தையும் போகச் சொன்னாள். குடிக்க வைத்திருந்த குடங்கள் வேம்படியில் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தூக்கி வந்து குழிக்குள் ஊற்றினாள். கைலாஷ் அக்கா, அக்கா என்று ஓடி வந்து கையைப் பிடிக்கப் பார்த்தான். "நீரும் தள்ளி நில்லும்வே. மேல விழுந்துச்சுன்னா ஒங்க அம்மைக்கு நான் பதில் சொல்லணும்" என்றாள். அவன் பயந்து பின்வாங்கினான். ஆறு குடமும் குழிக்குள் போயிற்று.

ஒன்றும் நடக்கவில்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. முள் இரண்டிலேயே நின்றது. வேலிக்கு வெளியே ஆள் சேர்ந்துவிட்டார்கள். தங்கப்பழம், தண்ணி ஊத்தியாச்சு, விதை போட்டா நாளைக்கு முளைச்சிரும் என்றான். சிரித்தார்கள். கோமதித்தாய் குழிக் கரையில் காலைப் பரப்பி வைத்து நின்று முள்ளையே பார்த்தாள். வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். யாரை என்று கேட்கவில்லை. தன்னையோ என்னவோ. ஒரு நிமிசம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதாகப் பின்னால் மகளிடம் ஒப்புக்கொண்டாள். இந்தச் சுக்கான் வேறு, அப்பா மேல் விழுந்த சுக்கான் வேறோ என்று.

முள் மூன்றைத் தொட்டது. பிறகு நாலு. அப்புறம் முள்ளைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. கைலாஷ் தன்னை அறியாமல் கிட்டே வந்து, போனை முள்ளுக்கு நேரே பிடித்தபடி சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான், ஒன்பது, பதினாறு, இருபத்தைந்து என்று. முப்பத்து நான்கு என்றபோது தூண் அவர்கள் நின்றதற்கு எதிர்ப் பக்கமாகச் சாய்ந்தது. எழுபது மூட்டையும் மேடையோடு சரிந்து குழியை மூடிக்கொண்டு விழுந்தது. டயல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பால்வாடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து அழுத சத்தம் கேட்டது.

கைலாஷ் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டான். கோமதித்தாய் அவன் முன்னால் வந்து நின்று, "இப்பச் சொல்லும் அந்தச் சொல்லை" என்றாள்.

அவன் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன் அக்கா என்று மட்டும் சொன்னான். அவள் நம்பினாள்.

பத்து நாள் கழித்துப் பஞ்சாயத்து ஆபீசுக்கு அறிக்கை வந்தது. இங்கிலீசில் இருந்தது. பொன்செல்வி பிளஸ் டூ படித்தவள். வெள்ளிக்கிழமை போய் வாங்கி வந்து, லீவு நாளில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். மண் மிகக் கடினமானது, தணிவு இரண்டு மில்லிமீட்டர், ஐந்தடி ஆழ அஸ்திவாரமே போதும் என்று இருந்தது. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. சோதனையின் இறுதியில் தவறுதலாகக் குழிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம், அதற்குப் பிறகு கிடைத்த அளவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லையாம்.

மகள் படித்துச் சொல்ல, கோமதித்தாய் அடுப்பில் கிடந்த குழம்பை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, கைலாஷ் வீட்டில்தான் இருப்பான். சங்கரன்கோவிலில் வைத்தியலிங்கம் வீடு எது என்று கேட்டால் கோயில் பக்கத்துத் தெருவில் யாரும் காட்டுவார்கள். காந்திமதியம்மாள் கதவைத் திறந்து, யாரம்மா நீங்க, உள்ளே வாங்க, உட்காருங்க என்றாள். கோமதித்தாய் உள்ளே வந்தாள், உட்காரவில்லை. கைலாஷ் உள் அறையிலிருந்து வந்தவன் இவளைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"தவறுதலாவா புகுந்துச்சு?" என்றாள்.

அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். தண்ணீர் ஊற்றிச் சோதிக்கச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. வேலைக்கு வந்தவர் ஒருவர் வேண்டுமென்றே ஊற்றினார் என்று எழுதினால் கம்பெனி கேள்வி கேட்கும். நீ எங்கே நின்றாய், ஏன் தடுக்கவில்லை என்பார்கள். உங்களுக்கும் பிறகு ஒரு இடத்திலும் வேலை தரமாட்டார்கள். உங்களையும் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் அக்கா.

 எங்கே அந்தத் தெருவே கூடுகிற மாதிரிக் கத்தப்போகிறாளோ என்று பொன்செல்வி அம்மா முழங்கையைப் பிடித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் கத்தவில்லை. கோபம் வந்தும் கத்தாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை என்று பொன்செல்வி இன்றைக்கும் சொல்வாள்.

"மொதக் குழியில ஊத்துனது தவறு. நீரு திட்டுனீரு, நான் வாயத் தொறக்கலை. ரெண்டாவது குழியில நான் தெரிஞ்சே ஊத்துனேன். அதைத் தவறுன்னு எழுத நீரு யாரு? தவறுன்னு எழுதுனா அந்த முப்பத்தி நாலை எவனும் பாக்கமாட்டான். ரெண்டைப் பாத்துத் தொட்டியக் கட்டிருவான். நீரு கண்ணால பாத்தீரா இல்லையா?"

 கைலாஷின் அம்மா அவனைக் கேட்டாள். "பாத்தியாப்பா?"

"பாத்தேம்மா. வீடியோவும் இருக்கு."

"அப்ப எழுதிக் குடு. அவுங்க நிக்காங்கள்லா."

அவன் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தான். அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு வேறு எழுதினான். எழுபது மூட்டைப் பாரம் நிற்கும்போதே, மண் நனைந்தால் என்ன ஆகும் என்று அறிவதற்காக ஆறு குடம் தண்ணீர் ஊற்றப்பட்டது, தணிவு இரண்டிலிருந்து முப்பத்து நான்கு மில்லிமீட்டராகி மேடை சரிந்தது, நனைந்தால் இந்த மண்ணின் ஒட்டு விட்டுப்போகும், சுக்கானுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மறுபடி சோதிக்காமல் இங்கே எதையும் கட்டக் கூடாது. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி நின்றபடியே கேட்டாள். ஊத்தப்பட்டதுன்னா யாரு ஊத்துனா, பேரைப் போடும் என்றாள். போட்டால் வேலை போய்விடும் அக்கா என்று அவன் திரும்பவும் சொன்னான். போடும்வே என்றாள். பனையடிவலசை கோமதித்தாய் என்று இங்கிலீசில் அடித்தான். பொன்செல்வி குனிந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையசைத்தாள். அவன் அதை வீடியோவோடு சேர்த்து ஆபீசுக்கு அனுப்பினான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று காந்திமதியம்மாள் எவ்வளவோ சொன்னாள். இருவரும் நிற்கவில்லை.

அவன் சொன்னபடியே கம்பெனி அவளை விலக்கிவிட்டது. கைலாஷுக்கும் விளக்கம் கேட்டு ஒரு ஓலை வந்ததாகக் கேள்வி. ஆனால் மேலே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரிய என்ஜினீயர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். சித்திரைக் கடைசியில் மறுபடியும் சுத்தியலும் மூன்று காலும் பனையடிவலசைக்கு வந்தன. சுக்கானைத் துளைபோட்டுக் கடந்து, அதற்குக் கீழே சுத்தியல் அடிக்க உத்தரவு.

கோமதித்தாயை உள்ளே விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்றாள். தங்கப்பழம் அவளைப் பார்க்காத மாதிரி விஞ்சைப் பிடித்தான். சுக்கானைத் தாண்டியதும் குழாயை இறக்கிச் சுத்தியலை விட்டான். கைலாஷ் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நாலே அடியில் குழாய் ஒரு அடி உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது உள்ளே மஞ்சள் மண் களி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பதடிக்குக் கீழே நிஜமான பாறை கிடைக்கிற வரை துளைபோட்டு, அங்கிருந்து கான்கிரீட் தூண் எழுப்பித்தான் தொட்டி கட்ட வேண்டும் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

கைலாஷ் அந்த மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்தான். நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று அக்கா என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மொத நாளே இந்தச் சுக்கானை ஒடைச்சுக் கீழ அடிச்சிருந்தீருன்னா இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கை வலிச்சிருக்குமோ?" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. தங்கப்பழம் விஞ்சுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால்வாடியில் மணி அடித்தது, பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற நேரம். கோமதித்தாய் அந்தப் பக்கம் நடந்தாள். நடந்துகொண்டே, மறுப்பாம் மறுப்பு என்று திட்டிக்கொண்டு போனது விஞ்சு நிற்கிற இடம் வரை கேட்டது.